சிமெண்டு மேடை

கீழத்தெரு, 20.8.2017

அன்புள்ள மாமாவுக்கு, வேம்பு எழுதுவது. நான் சுகம் என்று எழுதினால் நம்பவா போகிறீர்கள்? ஜெயிலில் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

எண்ணெய்க் கிணறு தோண்ட வந்த லாரியை மறித்து நீங்கள் உள்ளே போனதிலிருந்து வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வடிகாலில் தேங்கியதை ஆயில் எஞ்சின் வைத்துத்தான் பயிருக்கு இறைக்கிறேன். டீசல் வாங்கப் போனால், "உம் புருஷன் எண்ணெய் வேணாம்னு உள்ள கெடக்குறாரு, நீ கேனைத் தூக்கிட்டு வர்றியா?" என்று சிரிக்கிறார்கள். பயிர் காய்ந்தால் நிலக்காரர் வயலைப் பிடுங்கிவிடுவார். எழுத்தில் இல்லாத குத்தகை. இனிப் போராட மாட்டேன் என்று எழுதிக்கொடுத்தால் விடுகிறார்களாமே, வந்துவிடுங்களேன்.

உங்கள் வேம்பு

திருச்சி, 26.8.2017

அன்பு வேம்புக்கு,

எழுதிக்கொடுத்துவிட்டு ஊரில் யார் முகத்தில் விழிப்பேன்? ஆனால் அவர்கள் சிரித்தது நியாயம்தான். எஞ்சினை விற்றுவிடு. விவசாயிகள் சங்கத்து ரெத்தினம் சோலார் தகடும் மோட்டாரும் வாங்கித் தருவார். தகட்டுக்கு மூங்கில் கால் நட்டால் ஐப்பசிக் காற்றுக்கு நிற்காது. சிமெண்டு மேடை கட்டி இரும்புக்கால் நடச் சொல். கஞ்சத்தனம் பண்ணாதே.

சாமிதுரை

கீழத்தெரு, 19.9.2017

மாமா,

குத்தகை வயலில் செங்கல், சிமெண்டு வைக்கவே கூடாது என்பார் உங்கள் அப்பா. எஞ்சின் கொட்டகையைக்கூட மண்ணும் கீற்றுமாகத்தான் போட்டார். தெரிந்தும், நீங்கள் சொன்னதற்காகக் கட்டினேன். வெயில் ஏறியதும் தண்ணீர் கொட்டியது. வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன்.

நேற்று நிலக்காரர் போலீஸோடு வந்துவிட்டார். "எங்கிட்டக் கேக்காம எந் நெலத்துல கட்டடம் கட்டுவியா? நாளைக்கு வயலே ஒன்னுதும்ப!" என்று கத்தினார். இனி வரப்பில் கால் வைக்கக் கூடாதாம். அந்த வெளி முழுவதையும் சோலார் கம்பெனிக்கு விடப்போகிறாராம். "எண்ணெய்க்குப் பதிலா உம் புருஷன் கேட்டதுதானே?" என்று சிரிக்கிறார். பயிர் முழங்கால் உயரம் நிற்கிறது மாமா. எனக்காக யாரும் வாய் திறக்கவில்லை. உங்கள் காலில் விழுகிறேன், வாருங்கள்.

வேம்பு

திருச்சி, 25.9.2017

வேம்பு,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆயுத பூஜை கழித்து விடுவார்கள். அதற்குள் மேடையை இடித்துவிடு. வந்ததும் நிலக்காரரிடம் நானே கெஞ்சுகிறேன். பயிர் மட்டும் இருக்கட்டும்.

சாமிதுரை

கீழத்தெரு, 1.10.2017

அன்புள்ள மாமாவுக்கு,

கடப்பாரையோடுதான் போனேன். உள்ளே விடவில்லை. பயிரை உழுதுவிட்டார்கள். வயல் நெடுகக் கம்பெனி ஆட்கள் இரும்புக்கால் நடுகிறார்கள். நம் மேடையை மட்டும் அவர்களும் இடிக்கவில்லை. நல்ல உறுதியாம். நம் தகட்டைக் கழற்றிவிட்டு, அவர்களுடைய முதல் தகட்டை அதில்தான் மாட்டினார்கள்.

விடுகிற அன்றைக்குக் குடவாசலிலேயே இறங்கிவிடுங்கள். பஸ் நிலையத்தில் நிற்கிறேன். வீட்டுக்குத் தார் ரோட்டைச் சுற்றியே போய்விடலாம். வயல் வழியாக வேண்டாம் மாமா.

உங்கள் வேம்பு