தபால்காரர் வந்த படம்

ஜூன் 7, சனி

மன்னித்துக்கொள், நோட்டே. மணி பதினொன்றே முக்கால். இந்நேரத்தில் உன்னைத் திறக்கிறேன். தூக்கம் வரவில்லை.

பள்ளியில் மாதம் ஒரு சனிக்கிழமை குடும்பப் படம் போடுவார்கள். சண்டை இல்லை, ரத்தம் இல்லை, கெட்ட வார்த்தை இல்லை என்று சுற்றறிக்கையிலேயே பெருமை. இன்றைய படத்தில் ஒரு தபால்காரர், திக்கித் திக்கிப் பேசுகிறவர். "பா... பா..." என்று அவர் வாசலில் நிற்கும்போதெல்லாம் தெருவே சேர்ந்து "பார்சல்!" என்று கத்தும். மூன்றாவது தடவை எங்கள் அரங்கமே கத்தியது. என் பக்கத்தில் என் மகன் சுண்டு. எட்டு வயது. அவனும் திக்குகிறவன்தானே!

வீடு வரும்வரை எனக்கு நாலடி முன்னாலேயே நடந்தான்.

ஜூன் 8, ஞாயிறு

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "படத்துல ஒரு தப்பான சீன் உண்டா? கடைசில அந்தத் தபால்காரருக்குத்தானே எல்லாரும் கைதட்டுறாங்க?" என்கிறார். கைதட்டினால் சரியாகிவிடுமா?

நாத்தனார் போனில்: "நீ எதையுமே பூதக்கண்ணாடி வச்சுத்தாம்மா பாப்ப. காலேஜ் படிச்சவ இல்ல!"

ஆமாம், படித்தவள்தான். அதற்கென்ன இப்போ?

ஜூன் 9, திங்கள்

வகுப்பில் அது விளையாட்டாகவே ஆகிவிட்டது. சுண்டு வாயைத் திறந்தால் முப்பது பேரும் மிச்ச வார்த்தையைக் கத்துகிறார்களாம். பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். நேரே வகுப்பாசிரியையிடம் போய் நின்றேன்.

"ஆசையா உதவி பண்றாங்கங்க. படத்துல பாத்ததுதானே" என்று சிரிக்கிறார்.

உதவி! அவன் வார்த்தையை அவனே முடிக்கட்டும், காத்திருங்கள் என்று பேச்சுப் பயிற்சியாளர் இரண்டு வருடமாகத் தலையால் அடித்துக்கொள்கிறார். அத்தனையும் ஒன்றரை மணி நேரத்தில் போச்சு. நல்லா இருங்க. எல்லாரும் நல்லா இருங்க.

ஜூன் 11, புதன்

பேச்சே இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூடச் சீட்டில் எழுதி நீட்டுகிறான்.

ஜூன் 12, வியாழன்

சாயங்காலம் பள்ளிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். நாலு பக்கம். தலைமையாசிரியை, படம் எடுத்த புண்ணியவான், பல்லைக் காட்டிய பெற்றோர்கள் — ஒருவரையும் விடவில்லை. சுண்டு பக்கத்தில் நின்று படித்தான். பிறகு ஒரு சீட்டை அதன்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

"நீயும் கத்துன."

ஆமாம். கத்தினேன். அவன் காதுக்குப் பக்கத்தில் கேட்டது என் குரல்தான். உன்னிடம்கூட இதை மறைத்திருக்கிறேனே, நோட்டே — ஐந்து நாளாக யார்மேல் பாய்ந்துகொண்டிருந்தேன்?

ஜூன் 13, வெள்ளி

சுண்டு, இந்தப் பக்கம் உனக்கு. காலையில் உன் பையில் வைப்பேன்.

சிரிப்பு வந்தது, கத்திவிட்டேன். அப்புறம்தான் உன் முகத்தைப் பார்த்தேன். தப்பு என்னுடையது. பள்ளிக் கடிதத்தில் அதையே முதல் வரியாக வைத்து, மறுபடி எழுதிவிட்டேன். கோபம் இருந்தால் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். பேசும்போது எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள், நான் வாயைத் திறக்க மாட்டேன்.

கீழே இடம் விட்டிருக்கிறேன். எழுதினாலும் சரி, வந்து சொன்னாலும் சரி. இதற்கு மட்டும் சீக்கிரம் பதில் சொல்லிவிடு, கண்ணா.