மஞ்சள் பக்கம் நின்ற மச்சானுக்கு

அன்புள்ள ஆறுச்சாமி மச்சானுக்கு,

முதலில் என் மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் சாவுக்கு எனக்கு அழுகை வரவில்லை. பந்தல்காரனோடு நாற்காலிக்குச் சண்டை போட்டேன், துக்கத்துக்கு வந்தவர்களைச் சிரிக்க வைத்தேன். ஆனால் நேற்று வேலுச்சாமியின் டீக்கடையில் பேப்பரைப் பார்த்து மூக்கு ஒழுக அழுதேன். சிரியாவில் குர்துகள் முன்னின்று நடத்திய படை, புது அரசின் ராணுவத்தோடு சேர்கிறதாம். நாலு வரிச் செய்தி. நம்மூர் எருத்தேன்பதியில் அதற்கு அழுதவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"ஏனுங்க, ஊட்ல யாருக்காச்சும் ஏதாவதுங்களா?" என்று வேலுச்சாமி பதறிப்போனார். என்னத்தைச் சொல்ல?

எல்லாம் உங்களால் வந்ததுதானே. உலகக் கோப்பை வந்தால் நம்மூர் பாதி அர்ஜென்டினா, பாதி பிரேசில். பந்தை உதைத்தே பார்க்காதவர்கூட ஆளுயர ஃபிளெக்ஸ் கட்டுவார். கோப்பை முடிந்து வாய் நமநமத்த காலத்தில் சிரியாவின் சண்டையையும் அப்படியே பங்கு போட்டுக்கொண்டோம். அங்கே அரசு ஒரு பக்கம், எதிர்த்தவர்கள் பல பக்கம், அவர்களுக்குள்ளேயும் சுட்டுக்கொள்கிறவர்கள். கடைச் சுவரில் நீங்கள் ஒட்டிய வரைபடத்தில் குர்துகளின் இடம் மஞ்சள். துப்பாக்கியோடு நின்ற பெண்களின் படத்தைப் பார்த்த அன்றே நீங்கள் மஞ்சள் கட்சி. எதிராள் இல்லாமல் பேச்சு ருசிக்காது என்று, வடக்கிலிருந்து அவர்களை அடித்த கூட்டத்தை நான் எடுத்துக்கொண்டேன். அந்தக் கூட்டத்தின் பெயர்கூட எனக்கு வாயில் நுழையாது.

அப்புறம்தான், அந்த மஞ்சளுக்குள்ளேயே ஒரு தொண்டு ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேலைக்குப் போகிறாள் சரண்யா என்றீர்கள். உங்கள் மகள், என் அக்கா மகள். அந்தப் படை பின்வாங்கினால் நம் பிள்ளை கதி என்ன? எனக்கு அது உறைக்கவே இல்லை. அவள் போய் ஒரு வருஷம் இருக்கும், ஒரு நாள் காலையில் வழக்கம்போல ஆரம்பித்தேன்.

"மச்சான், உங்க மஞ்சக்காரிக ரெண்டு ஊர உட்டுப்போட்டு ஓடிட்டாங்களாமா. லட்டு வாங்கியாரட்டுங்களா?"

நீங்கள் சிரிக்கவில்லை. "எந்த ஊரு மாப்ள? பொம்பளைக, கொழந்தைக தப்பிச்சாங்களாமா?" என்றீர்கள். எனக்குத் தெரியவில்லை. பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டீர்கள்.

பெற்றவர் வயிற்றில் நெருப்பை அள்ளிப் போட்டேனே என்று அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. என்னைத் தெரியுமே, நான் சாப்பிடாமல் இருப்பது லேசான காரியமா?

அன்றோடு கடை முழுக்க மஞ்சள், என்னையும் சேர்த்து. நீங்கள் பேப்பரை விரித்து, "இன்னைக்கு தாக்குப்புடிச்சுட்டாங்க" என்றால் எல்லாரும் தலையாட்டினோம். மறுத்துப் பேசுவதற்காகவே கடைக்கு வருகிற மனுஷனுக்கு அது எவ்வளவு சப்பென்று இருந்திருக்கும்? மகளை நினைத்து நினைத்துத்தான் உங்கள் நெஞ்சு நின்றுபோனதா? கடைசியாக உங்கள் முகத்தை அவள் போனில்தான் பார்த்தாள். சாவுக்கு அவள் வராததற்கு, அங்கே வழி அடைபட்டிருக்கும் என்று நாங்களே பேசிக்கொண்டோம்.

சரண்யா போன வாரம் நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டாள். உங்கள் ஆட்கள் பாடுதான் சரியில்லை. கையிலிருந்த ஊர்கள் பெரும்பாலும் போய்விட்டன. தோளில் கை போட்டிருந்த அமெரிக்காவும் கையை எடுத்துக்கொண்டது. இவர்கள் தோற்றார்கள் என்பதா, பிழைத்துக்கொண்டார்கள் என்பதா? நீங்கள் இருந்தால் ஒன்று சொல்வீர்கள். நான் இன்னொன்று சொல்வேன்.

வேலுச்சாமி சுவருக்கு வெள்ளை அடிக்கப் போகிறாராம். வரைபடத்தில் கை வைக்க விடமாட்டேன் மச்சான். அந்தப் பெண்கள் என்ன ஆனார்கள் என்று தினமும் பேப்பரில் தேடி, உங்கள் படத்துக்கு முன்னால் நின்று படித்துக் காட்டுகிறேன். இது சத்தியம்.

தன் வாயால் கெட்ட,
உங்கள் மச்சினன்

பி.கு.: இதை இப்போதுதான் சரண்யாவிடம் வாசித்துக் காட்டினேன். "மாமா, நான் அங்க போகவே இல்லீங்க. அனுமதி கெடைக்கல. இத்தன வருசமும் குவைத்துல ஒரு பல் ஆஸ்பத்திரிலதான் இருந்தேன். அப்பா சாவுக்கும் அவங்க லீவு குடுக்கலீங்க. ஊரெல்லாம் சொல்லிப்போடுவீங்கன்னுதான் உங்ககிட்ட மறைச்சோம்," என்றாள். "அப்பாவுக்கு மொத மாசமே தெரியுங்க."