ஒன்பதாம் ஸ்தலத்தில் எழ முடியாதவன்

1934 மார்ச் 9, வெள்ளி.

மகள் ரோசாளுக்குப் பன்னிரண்டாம் நாள் காய்ச்சல். இன்றிரவைத் தாண்டினால் பிழைப்பாள் என்கிறார் வைத்தியர். மனைவியைக் காவல் வைத்துவிட்டு, ஒப்புக்கொண்டபடி கோவிலில் சிலுவைப்பாதைக்குச் சிலுவை தூக்கப் போனேன். பதினான்கு ஸ்தலங்களில் ஒன்பதாவதான, சேசுநாதர் மூன்றாம் முறை விழும் ஸ்தலத்தில் முழந்தாளிட்டேன், முட்டி பிடித்துக்கொண்டது. சிலுவை எழாமல் பின்னால் முழந்தாளிட்ட ஜனமும் எழாதே!

"இன்னா மச்சான், பக்தி ஜாஸ்தியா?" என்றான் மைத்துனன் சூசை.

பக்தியாவது! "என்னால் முடியவில்லை ஆண்டவரே" என்றேன். பன்னிரண்டு நாளாக அடக்கிய அழுகை வந்துவிட்டது.

சூசை கைகொடுத்தான். "ஏந்திரு. அவரே மூணு தபா வுழுந்தாரு, நீ ஒரு தபாதானே!"

எழுந்தேன். மீதி ஐந்து ஸ்தலமும் நடந்தேன்.

வீடு திரும்பிவிட்டேன். ரோசாளின் நெற்றி இன்னும் கொதிக்கிறது. மனைவியைப் படுக்கச் சொல்லிவிட்டு நான் காவல் இருக்கிறேன். ஈரத்துணி காய்ந்துவிட்டது, நனைக்க வேண்டும்.