வாசலில் காத்திருப்பவருக்கான விதி

அன்புள்ள கதாசிரியைக்கு,

நீ உன் தோழி வீட்டுக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. இங்கே எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. கலைக்க ஆளில்லை.

நாம் சேர்ந்து உருவாக்கும் பகடை விளையாட்டில் கதை உன்னுடையது, விதிகள் என்னுடையவை. உன் கதையில் வரும் படகுக்காரி கணவனுக்காக வாசலில் காத்திருந்தால் அவளுடைய முறை ஒன்று வீணாகும். பலன் எதுவும் இல்லை. பலனில்லாததை எதற்கு வைப்பது என்று நீ எழுதிய அந்தக் காத்திருப்பை வெட்டினேன். நீ துணிகளை மடித்துப் பெட்டியில் வைக்கத் தொடங்கினாய்.

ஞாயிறன்று உன் தம்பியும் நண்பர்களும் ஆடிப் பார்த்தார்கள். கணக்கு கச்சிதம். படகுக்காரி செத்தபோது ஒருவன் தேநீர் கேட்டான்.

"மாமா, வரி ஆபீஸ்ல உக்காந்த மாதிரி இருக்கு. அக்கா எழுதினதத் தூக்கிட்டீங்களா?"

"விதி அட்டையில இடம் பத்தல."

"பொய் சொல்றதுக்கும் ஒரு விதி எழுதிருக்கலாம்ல?"

நீ எழுதியதைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். ஒரு வரி மட்டும் என்னுடையது: காத்திருப்பவர் தன் முறையை இழப்பார், போனவர் திரும்பினால் இருவரும் சேர்ந்து பகடை உருட்டலாம். திரும்புவதற்கான வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று நான் கணக்குப் போடவில்லை.

இப்போது என் முறை. பகடையைத் தொடவில்லை.

இப்படிக்கு,
விதி எழுதுபவன்