பேர் வெட்டாத விளக்கு

ஏப்ரல் 6, திங்கள்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கடை ஃபேனில் சத்தம் மட்டும்தான். மெட்ரோவுக்குத் தோண்டிய பிறகு எங்கள் தி.நகர் தெருவுக்குள் மனுஷ நடமாட்டமே இல்லை. பாத்திரங்களைத் துடைத்துத் துடைத்து வைப்பதே வியாபாரம்.

மதியம் ஒரு வெள்ளை வேட்டிக்காரர். வளைகாப்புத் தாம்பூலத்துக்குக் காமாட்சி விளக்கு வேண்டுமாம். இருப்பது எல்லாம், இன்னும் வரவழைத்தும். வீட்டுக்காரருக்கு முகமெல்லாம் பல்.

பேர் வெட்டுகிற பாபு மிஷினைத் தட்டி எடுத்து வைத்தான். "பொண்ணு பேர் இன்னா சார்?"

"பேரெல்லாம் வேணாம்பா."

ஒற்றை டம்ளர் வாங்கினாலும் பேர் வெட்டாமல் வாங்கிப் போக மாட்டார்கள். வளைகாப்பு விளக்கில் பேர் வேண்டாமாம்!

ஏப்ரல் 7, செவ்வாய்

வாங்க: காபிப்பொடி, கொசுவர்த்தி, மகள் மீனாவுக்கு இரும்புச்சத்து மாத்திரை (போன வாரமே கேட்டாள்).

பாபு டீ வாங்கி வந்தவன் மெதுவாகச் சொன்னான். "யக்கா, வளைகாப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. வேளச்சேரில தெரு தெருவா குடுக்கப் போறாங்களாம், ஓட்டுக்கு. வண்டிக்காரன் சொல்லிக்கினு இருந்தான்."

இவரிடம் கேட்டேன்.

"தெரியும்ட்டி. விக்கிறதுதான் நம்ம வேலை. வாங்குனவன் யாருக்குக் குடுத்தா நமக்கென்ன?"

அவர் சொல்வதும் நியாயம் மாதிரித்தான் இருந்தது. ராத்திரி ரசத்தில் உப்பு இல்லை என்று அதற்கும் பேச்சு வாங்கினேன்.

ஏப்ரல் 9, வியாழன்

தேர்தல் புகார் ஆப் இறக்கினேன். பேர் சொல்லாமலும் கொடுக்கலாமாம். அப்பாடா என்றிருந்தது. பிறகுதான் மீதியைப் படித்தேன். படத்தை அந்த இடத்திலேயே நின்று எடுக்க வேண்டும். இடம் தானாகப் பதிந்துவிடும். அவர்கள் வந்து எடுத்துப் போகும்வரை விளக்குகள் இருப்பதோ எங்கள் கடை மாடியில். நான் பேர் சொல்லாவிட்டால் என்ன, கடையே சொல்லிவிடும்.

பயம். சீல் வைத்துவிடுவார்களா? இவரைக் கூட்டிப் போவார்களா? பிரஷர் மாத்திரை போடுகிற மனுஷன். ஆப்பை மூடினேன். திறந்தேன். மூடிவிட்டு வெண்டைக்காய் நறுக்கினேன்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. மழை வெள்ளத்தில் பண்டம் பாத்திரமெல்லாம் இழந்த ஜனங்கள் அந்த வேளச்சேரித் தெருக்களில். அவர்களிடம் பாத்திரத்தையே நீட்டி ஓட்டுக் கேட்கிறார்கள். அதுவும் எங்கள் கடைப் பாத்திரம்.

ஏப்ரல் 10, வெள்ளி

மேகமூட்டம். புழுக்கம். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் மாடியில் மிஷின் சத்தம். பேர் வேண்டாம் என்ற விளக்கில் பாபு என்ன வெட்டுகிறான் என்று ஏறிப் போனேன். பக்கத்துத் தெருவுக்குப் பறக்கும் படை வந்து போனதாம். இவருக்கு உதறல்.

"யாராச்சும் கேட்டா நம்ம வீட்டு விசேஷம்னு சொல்லிருவோம். மேலாப்புல இருக்கதுல மட்டும் பேர் வெட்டச் சொல்லிருக்கேன்" என்றார். சொல்லிவிட்டுக் கீழே போய்விட்டார்.

ஒரு விளக்கைக் கையில் எடுத்தேன். 'மீனா வளைகாப்பு.'

போன ஆடியில், அடையாறில் ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூன்றாம் மாசத்திலேயே கலைந்துபோய்ச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள் என் மகள். அதற்குப் பிறகு எந்த வளைகாப்புக்கும் அவள் போவதில்லை. இப்போதெல்லாம் யாரும் கூப்பிடுவதும் இல்லை. அவள் பேரையா? பெற்ற அப்பனா?

பாபு நிமிரவே இல்லை. "அண்ணாச்சி சொன்னார்க்கா."

அங்கேயே நின்று படம் எடுத்தேன். அனுப்பினேன்.

டீத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் வந்துவிட்டார்கள். ஓர் அதிகாரி, போலீஸ்காரர், வீடியோ எடுக்கிறவர். இவர் சிரித்துக்கொண்டே விளக்கை நீட்டினார்.

"எம்பொண்ணு வளைகாப்பு சார். இந்தா பாருங்க, பேரு."

அதிகாரி படித்துப் பார்த்தார். நல்ல மனுஷர்தான், முகம் மலர்ந்துவிட்டது. என் பக்கம் திரும்பி, "எத்தனாவது மாசம்மா?" என்றார்.

ஏழு என்று சொல்லியிருந்தால் போயிருப்பார்கள்.

"எம்பொண்ணு முழுகாம இல்ல சார். புகார் குடுத்தது நான்தான்."

இவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

ஏப்ரல் 11, சனி

ஷட்டர் திறக்கவில்லை. விளக்குகளை நேற்றே மூட்டை கட்டி எடுத்துப் போய்விட்டார்கள். விசாரணைக்குக் கூப்பிடும்போது இவர் வர வேண்டுமாம். ராத்திரி மாத்திரையைத் தானே தேடிப் போட்டுக்கொண்டார். காலையில் எழுந்து பார்த்தால் ஆளைக் காணோம், செருப்பும் இல்லை. பதறிப்போனேன்.

இப்போதுதான் மீனா போன். "அம்மா, அப்பா வந்து எங்க வீட்டு கேட்டுக்கு வெளியவே நிக்கிறாரு. உள்ள வாங்கன்னா வரமாட்டேங்கிறாரு. என்னம்மா ஆச்சு?"