பாதி விலைக் கேமரா

மார்ச் 3, திங்கள்

வீட்டில் மாட்டும் கண்காணிப்புக் கேமரா ஒன்று வாங்கிவிட்டேன். பழசுதான், ஆனால் கடை விலையில் பாதிக்கும் கீழே. விற்றவர் பேரம் பேசத் தெரியாத மனுஷன். "எங்கம்மாவுக்காக வாங்கினதுங்க. இப்ப தேவைப்படல" என்றார். தேவைப்படாத பொருளுக்கு எதற்கு இவ்வளவு விலை என்று அதையே பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் குறைத்தேன். கேமரா ஆப்பில் தன் கணக்கின் பெயரையும் பாஸ்வேர்டையும் சொல்லி, "வீட்டுக்குப் போனதும் மாத்திக்கோங்க" என்றார். மாற்ற வேண்டும். அதுபாட்டுக்கு வேலை செய்கிறதே, மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்.

கூடத்தில், அடுப்படியும் தெரிகிற மாதிரி மாட்டினேன். நானும் என் மனைவியும் வேலைக்குக் கிளம்பிவிட்டால் அம்மா தனிதானே. "இனிமே ஆபீஸ்லேர்ந்து உன்னைப் பாத்துக்கிட்டே இருப்பேன். பேசினாலும் கேக்கும்" என்றேன். அம்மா கேமராவைப் பார்த்து முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

மார்ச் 5

ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் நான் போட்ட இன்றைய டிப்ஸ்: பழைய ஃபோனை விற்கும்முன் உங்கள் கணக்கை நீக்கிவிடுங்கள், ஒரே பாஸ்வேர்டை எல்லாவற்றுக்கும் வைக்காதீர்கள். ஏகப்பட்ட கட்டைவிரல்கள். பாதி விலைக் கேமரா கதையைக் கேட்டிருந்த எங்கள் ஆபீஸ் ஸ்டோர்ஸ்காரர் 'சிக்கனச் சிங்கம்' என்று போட்டிருந்தார். கிண்டல்தான். இருந்தாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மார்ச் 7

கேமரா உயிரை வாங்குகிறது. அம்மா எழுந்தால் டிங், திரைச்சீலை ஆடினால் டிங். டேட்டாவும் கரைகிறது. அறிவிப்பை நிறுத்திவிட்டேன். மதியம் ஒரு தடவை திறந்து பார்த்தால் போதாதா?

மார்ச் 14

இன்றும் பார்க்கவில்லை.

மார்ச் 19, புதன்

எப்படி எழுதுவது இதை.

அம்மா அடுப்பில் பாலை வைத்துவிட்டு நாற்காலியில் கண்ணயர்ந்துவிட்டாளாம். பால் சுண்டி, பாத்திரம் கருகி, கூடம் முழுக்கப் புகை. "நல்லவேளை, கேமராலேர்ந்து சத்தம் வந்துச்சு. அம்மா, அம்மான்னு. முழிச்சிட்டேன்" என்றாள். என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்களா கூப்பிட்டீங்க?"

நான் தலையாட்டினேன்.

ஏன் ஆட்டினேன்? அந்த நேரத்தில் கேன்டீனில் உட்கார்ந்து கிரிக்கெட் கதை பேசிக்கொண்டிருந்தேன். "பரவால்லயே, அந்தக் கேமரா வீண் இல்ல" என்று சொல்லி அவள் என் தட்டில் இன்னும் கொஞ்சம் போட்டாள். அதையும் சாப்பிட்டேன், மானங்கெட்டவன். அம்மா ஒரு தரம் என்னைப் பார்த்துவிட்டுக் குனிந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

அப்படியானால் கூப்பிட்டது யார்?

மார்ச் 20

மதியம் ஸ்டோர்ஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு திறந்து பார்த்தேன். அம்மா கேமராவுக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"மாத்திரை போட்டீங்களாம்மா?" ஒரு ஆண் குரல். என் குரல் இல்லை.

"போட்டாச்சுப்பா. நீ சாப்டியா?"

அந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறேன் — கேமரா விற்றவர். உடனே அவருக்கு ஃபோன் போட்டு வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். அடுத்தவன் வீட்டை எட்டிப் பார்க்கிறாயே, வெட்கமாக இல்லையா என்று கேட்டேன்.

"இருக்குங்க" என்றார். "தப்புதான். ஒருநாள் என் ஃபோன்ல அந்த ஆப் கைபட்டுத் திறந்துடுச்சு. மூடலாம்னுதான் போனேன். உங்கம்மா கேமராவப் பாத்து, 'சாப்டியாப்பா'ன்னு கேட்டாங்க. யாரும் பதில் சொல்லல. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி கேட்டாங்க... எங்கம்மா போனதுக்கப்புறம் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லீங்க."

சாத்திய கதவில் சாய்ந்துகொண்டேன். அவரே தொடர்ந்தார்.

"பாஸ்வேர்ட மாத்திடுங்க. நானும் ஆப்பை எடுத்துடறேன். மத்தியான மாத்திரைய மட்டும் ஞாபகப்படுத்துங்க. மறந்துடறாங்க."

அம்மா மதியம் மாத்திரை சாப்பிடுகிறாள் என்பதே எனக்குத் தெரியாது. பாவம் அம்மா, பேசுவது நான்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

மார்ச் 22, சனி

பாஸ்வேர்டை மாற்றினேன். மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், தலையாட்டியது உட்பட. "பாஸ்வேர்ட மாத்திட்டீங்க, சரி. இனிமே பால் கருகினா யாரு கூப்பிடுவா?" என்றாள்.

குரூப்பில் டிப்ஸ் போட்டேன்: பழைய பொருளை வாங்கினால் முதல் வேலையாகப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். என் நண்பர் ஒருவர் வீட்டில் இப்படி நடந்தது என்று எழுதினேன். நண்பராம்! அதற்கும் கட்டைவிரல்கள். பார்க்கவே கூசியது.

மார்ச் 24, திங்கள்

மதியம் சாப்பாட்டுப் பையைப் பிரிக்குமுன் ஆப்பைத் திறந்தேன். அம்மா அதே நாற்காலியில்.

"அம்மா, மாத்திரை போட்டியா?"

நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு கிட்டத்தில் வந்தாள். திரை முழுக்க அவள் முகம்தான்.

"இன்னிக்கு நீயா?" என்றாள்.

முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. அன்றைக்கு நான் தலையாட்டியபோதும் தெரிந்திருக்கிறது. என் மனைவி முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்காமல் குனிந்து சாப்பிட்டிருக்கிறாள்.

"நான்தாம்மா" என்றேன்.

"மாத்திரை இப்பதான் போட்டேன்" என்றாள். "அந்தப் புள்ள ரெண்டு மூணு நாளா வரல. சாப்டுச்சான்னு கேட்டுச் சொல்லு."