மாப்பிள்ளை இடத்தில் மாமன் பெயர்

செத்த பிறகும் என்னை ஜெயித்துக்கொண்டே இருக்கும் என் அருமை அந்தோணிக்கு,

கல்லறைத் திருநாளுக்கு நானும் ஒரு சாமந்தி மாலை வாங்கிக்கொண்டு வந்தேன், பார்த்தாயா? வைக்க இடம் இல்லை. உன் மனைவி லூர்து கல்லறைக்கு வெள்ளையடித்து, ரோஜா மாலை போட்டு, சுற்றிலும் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டாள். மிச்ச இடத்தை உன் வாடிக்கையாளர்கள் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் எனக்கும் வாடிக்கையாளர்கள்தானே? கால் பக்கம் ஓர் ஓரமாக வைத்துவிட்டுத் திரும்பினேன். எனக்கு வயிறு எரிந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது, உனக்குத் தெரியாததா?

இதை வாசிக்கிற மற்றவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, செருப்புக்கடை மாடியில், நீயும் நானும் வெப்சைட் செய்து கொடுத்துப் பிழைத்தோம். கண்ணுக்குத் தெரிகிற வேலை என்னுடையது. பெயர் எழுதும் பெட்டி, ஊர் எழுதும் பெட்டி, அடியில் பச்சைப் பட்டன், எல்லாம் நான் செய்தது. யாராவது அதில் எழுதிப் பட்டனை அழுத்தினால், எழுதியதெல்லாம் ஒரு மூட்டையாக உள்ளே வரும். அதை வாங்கி, பிரித்து, எது எங்கே போகவேண்டுமோ அங்கே அனுப்புகிற கட்டளைகளை, நம் தொழில் பாஷையில் ஃபங்ஷன்களை, நீ எழுதினாய்.

யாரும் பார்க்காத வேலையைச் செய்தவன் நீ. பெயர் வாங்கியதும் நீ. "அந்தோணி தம்பி இல்லிங்களா?" என்று கேட்டுக்கொண்டுதான் எல்லாரும் மாடி ஏறுவார்கள். நான் எதிரே உட்கார்ந்திருப்பேன், மேசை மேல் இருக்கும் டேபிள் ஃபேன் மாதிரி. கல்லூரியிலும் அப்படித்தான். நான் விழுந்து விழுந்து படிப்பேன். நீ கேண்டீனில் இருந்து எழுந்து வந்து என்னைவிட அதிகமாக வாங்குவாய். எப்படிடா?

நீ ஒரு வாரக் காய்ச்சலில் போய்விட்டாய். போன் எடுக்கவாவது ஆள் வேண்டும் என்று லூர்துவை வரச் சொன்னவன் நான்தான். அவளுக்கும் உன் மகள் ஏஞ்சலுக்கும் ஒரு வழி ஆகட்டும் என்று நினைத்தேன். வந்தவள் உன் நாற்காலியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நாள் சும்மா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேள்வி கேட்டாள். பிறகு கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள். இப்போது மாடி ஏறுகிறவர்கள் "லூர்து மேடம் இல்லிங்களா?" என்று கேட்கிறார்கள். நீ போனால் அந்த நாற்காலியாவது எனக்கு வரும் என்று எண்ணியிருந்தேனே, என் நெஞ்சை என்னவென்று சொல்ல?

சரி, சேதிக்கு வருகிறேன். விழுப்புரத்தில் நமக்கு ஒரு கல்யாண மண்டபம் வாடிக்கை உண்டே, அங்கே நடந்தது.

மண்டபத்து மேனேஜர் கல்யாண விவரத்தை நம் ஃபாரத்தில் எழுதி அனுப்புவார். வாசலில் இருக்கும் எல்.இ.டி. போர்டில் மணமகள், மணமகன், முகூர்த்த நேரம் என்று வரிசையாக எரியும். உனக்குத் தெரிந்ததுதான். போன மாதம் மண்டபக்காரர் போன் செய்தார். "ஏழுமல, இந்தத் தாய்மாமனுங்க தொல்ல தாங்கல. சீர் செய்றவன் பேரு போர்டுல இல்லன்னு சண்டைக்கு வர்றானுங்க. ஜல்தியா ஒரு பெட்டி சேர்த்துக் குடு" என்றார். பெண்ணின் மாமன்தானே என்று மணமகள் பெட்டிக்குக் கீழேயே 'தாய்மாமன்' என்று ஒரு பெட்டியைச் சேர்த்தேன். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. மற்றதை உன் ஃபங்ஷன் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட்டேன்.

உன் ஃபங்ஷன் என்ன செய்தது தெரியுமா? எந்தப் பெயர் எந்தப் பெட்டியில் இருந்து வந்தது என்று அது பார்க்கவில்லை. பந்தியில் முகம் பார்க்காமல் பரிமாறுகிறவர் மாதிரி, முதலில் வந்தவர் மணமகள், இரண்டாவதாக வந்தவர் மணமகன் என்று வைத்துக்கொண்டது. இரண்டாவதாக வந்தவர் மாமன். பெண்ணழைப்பு அன்று சாயங்காலம் போர்டைப் போட்டார்கள். மணமகள் கௌசல்யா. மணமகன் வேலாயுதம். முகூர்த்த நேரம் வரவேண்டிய இடத்தில், பாவம், மாப்பிள்ளைப் பையன் பெயர் எரிந்தது.

வேறு ஊராக இருந்தால் மெஷின் கோளாறு என்று சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். நம் பக்கம் அப்படியா? மாமன் கட்டுவது இங்கே புதிதா என்ன? அதிலும் அந்த வேலாயுதம் நிஜமாகவே பெண் கேட்டவர். படித்த பெண், வயதும் இடிக்கிறது என்று சொல்லி வேண்டாம் என்றிருக்கிறார்கள். வல்லம் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டு வேன் வந்தது. போர்டைப் பார்த்தவர்கள் வேனை விட்டே இறங்கவில்லை.

மண்டபக்காரர் போனில் கத்தினார். போர்டை முதலில் அணைக்கச் சொல்லிவிட்டு நானும் லூர்துவும் பைக்கில் கிளம்பினோம். அந்தோணி, வழியெல்லாம் எனக்குள் என்ன ஓடியது தெரியுமா? கல்யாணம் நின்றுவிடுமோ என்ற பயம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. அதற்கு அடியில் ஒரு சந்தோஷமும் இருந்தது. இத்தனை வருஷத்தில் உன் தப்பு ஒன்று என் கையில் சிக்கியிருக்கிறது! நாலு பேர் நடுவில் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு துடித்தது.

போய் இறங்கியதும் சொன்னேன். "நான் பெட்டி மட்டும்தாங்க வெச்சேன். உள்ள எழுதுனதெல்லாம் அந்தோணி."

மண்டபக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "செத்தவன் மேல பழிய போடுறியே, நல்லாருக்கா உனுக்கு? அந்தத் தம்பி செஞ்சதுல தப்பு வருமா? நீ எதுனா கைய வெச்சிருப்ப" என்றார்.

பார்த்தாயா? உன் தப்பைக்கூட எனக்குக் கொடுக்கிறார்கள். உன் பெயர் மட்டும் எந்த மண்ணிலும் அழுக்காவதில்லை. அப்போது லூர்து லேப்டாப்பில் இருந்து தலையைத் தூக்கினாள்.

"இல்லிங்க சார், அண்ணன் சொல்றது நெசம். எங்க வீட்டுக்காரரு எழுதுனதுதான் தப்பு. வரிசைய நம்பி எழுதிட்டாரு. பேர கேட்டு வாங்கியிருக்கணும். இப்ப சரி பண்ணிக்கினு இருக்கேன், பொறுங்க."

நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை இதுதான். கேட்டதும் எனக்கு ஏன் அப்படிக் கோபம் வந்தது? அவளை அங்கேயே திட்டியிருப்பேன். அதற்குள் மாப்பிள்ளை வீட்டாரைச் சமாதானம் செய்ய மண்டபக்காரர் என்னை வேனுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். நடந்ததைக் கேட்டுவிட்டு அவர்கள் இறங்கி உள்ளே போனார்கள். கல்யாணத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, கவலைப்படாதே.

அணைந்திருந்த போர்டுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சீர்த்தட்டுகள். வேலாயுதம். கண்டாச்சிபுரத்தில் மல்லாட்டைக் கடலை வியாபாரம் செய்கிறவராம். காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று போனேன்.

"ஏன் சார் அதுக்குள்ள அணைச்சிட்டீங்க?" என்றார்.

நான் போர்டை நிமிர்ந்து பார்த்தேன். அவரே பேசினார்.

"பொண்ணு இல்லன்னதும் கல்யாணத்துக்கே வரக்கூடாதுன்னு இருந்தேன் சார். அந்தப் பையன நெனச்சாலே பத்திக்கினு வரும். எங்கக்கா அழுதுகினே போன் பண்ணிச்சி. சரின்னு தட்டத் தூக்கிக்கினு வந்தா, மேல என் பேரு எரியுது. ஒரு நிமிஷம் சந்தோஷமாதான் இருந்திச்சி. அப்புறம் எங்கக்கா மொகத்தப் பாத்தேன். பேஜாராப் போச்சி சார்." ஒரு தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "மாமன்னே போடுங்க. ஆனா நல்லா பெருசா போடுங்க" என்றார்.

லூர்து பெரிதாகவே போட்டாள். அவர் எழுந்து நின்று அதை ஒரு தடவை வாசித்துவிட்டுத் தட்டுகளோடு உள்ளே போனார்.

திரும்பும்போது டீக்கடையில் நிறுத்தி அவளிடம் சண்டை போட்டேன். "ஊர் முன்னாடி அவன விட்டுக் குடுத்துட்டியே, லூர்து" என்றேன்.

"நீங்க சொன்னா சரி, நான் சொன்னா தப்பாண்ணா? அவர திட்டுறதுக்கு எனக்கு இல்லாத உரிமையா?"

அந்த உரிமைதான் என்னைச் சுட்டது. உன்னை அவளுக்கு முன்பே தெரிந்தவன் நான். உன்னோடு அவளைவிட அதிகம் சண்டை போட்டவனும் நான். ஆனால் நான் சொன்னால் பொறாமை, அவள் சொன்னால் உண்மை. அழுகிறவளும் அவள்தான், திருத்துகிறவளும் அவள்தான். எனக்கு உன்னிடம் என்ன மிச்சம்?

அதோடு விட்டாளா? மற்ற வெப்சைட்டுகளில் இருக்கும் உன் ஃபங்ஷன்களையும் மாற்றி எழுதப்போகிறேன் என்றாள். "நாளைக்கி இன்னொருத்தர் வீட்டுல இப்புடி ஆவக்கூடாதுண்ணா." நான் முடியாது என்றேன். அவை போனால் கடையில் நீ எங்கே இருப்பாய்? இரண்டு நாள் பேசாமல் இருந்தோம். மூன்றாம் நாள் அவள், அன்று அவசரமாகத் திருத்திய மண்டபத்து ஃபங்ஷனையே முதலில் புதிதாக எழுதி முடித்துவிட்டு, "எழுதிட்டேன். சரியா போவுதான்னு நீங்கதான் பாக்கணும். உங்க கண்ணுல படாத தப்பு இல்லன்னு அவரு சொல்லிக்கினே இருப்பாரு" என்றாள்.

அப்படியா சொன்னாய்? என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லையே, பாவி.

மண்டபத்து ஃபாரத்தைத் திறந்தேன். என்ன எழுதுவது என்று யோசிக்காமலே மணமகள் பெட்டியில் ஏஞ்சல் என்று எழுதினேன். தாய்மாமன் பெட்டியில் ஏழுமலை என்று எழுதினேன். மணமகன் பெட்டியைக் காலியாக விட்டுப் பட்டனை அழுத்தினேன். முன்பெல்லாம் காலிப் பெட்டி இருந்தாலும் ஏதோ ஒரு பெயர் எங்கேயாவது போய் உட்காரும். இப்போது 'மணமகன் பெயர் இல்லை' என்று நின்றுவிட்டது. என் பெயர் மாமனுக்கு உரிய இடத்தில் அப்படியே இருந்தது.

லூர்து எட்டிப் பார்த்தாள். "அஞ்சாவது படிக்கிற பொண்ணுக்கு அதுக்குள்ள மண்டபம் புடிச்சிட்டீங்களா?" என்று சிரித்தாள். சிரித்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த மாமன் பேர அழிக்காதீங்கண்ணா, அது அங்கியே இருக்கட்டும்" என்றாள்.

அவளுக்குக் கூடப்பிறந்த தம்பி பெருமுக்கலில் இருக்கிறான். தாய்மாமன் சீர் தன்னுடையது என்று வந்து நிற்பான். யார், என்ன உறவு என்று அவர்கள் பக்கத்தில் என்னைக் கேட்பார்கள். கேட்கட்டும். அவன் எனக்குப் பின்னால்தான் தட்டு எடுக்க வேண்டும். இந்த ஒரு வரிசையில் நான் யாருக்கும் இடம் விடமாட்டேன், உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உன் பெண் மணமேடை ஏறும் நாளில் முதல் சீர் என்னுடையது. இது சத்தியம்.

இப்படிக்கு,
உன் மனைவிக்கு அண்ணன், உன் மகளுக்கு மாமன்,
அதனால் இனி உனக்கு முறைப்படியே மச்சான்,
ஏழுமலை